முட்டித் தேய்மானமும் ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோஆர்என்ஏவும்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்ற பெயர் நோயின் பாதியை மறைத்துவிடுகிறது. தேய்மானம் என்றதும் டயரும் செருப்பும்தான் நினைவுக்கு வரும்: ஓடி ஓடித் தேய்ந்தது, இனி மாற்ற வேண்டியதுதான். சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கும் ஜெஞ்சாரோமிலும் பேச்சுவழக்கு இப்படித்தான். "முட்டி தேஞ்சுபோச்சு", "ஜவ்வு போயிடுச்சு" என்பார்கள். வயசானா வருவதுதானே என்று அதோடு விட்டுவிடுவார்கள். மூட்டுக்குள் நடப்பதோ இதைவிடச் சிக்கலானது. குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் வாழும் உயிரணுக்கள்தான் அதைக் கட்டிப் பராமரிக்கின்றன. நோய் வேர்விட்ட பிறகு அதே உயிரணுக்கள் அதை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. இந்தத் தடமாற்றம் எக்ஸ்ரேயில் தெரிய வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கையில் குத்தி எடுத்த சில மில்லிலிட்டர் ரத்தத்தில் அதைக் கண்டுகொள்ள முடியுமா? மைக்ரோஆர்என்ஏ எனப்படும் நுண்மூலக்கூறுகளை நம்பி மூட்டு ஆராய்ச்சியாளர்கள் துரத்தும் கேள்வி அதுதான்.

குருத்தெலும்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் தனிமை. தொடை எலும்பின் முனையையும் கால் எலும்பின் தலைப்பையும் போர்த்தியிருக்கும் இந்த வழவழப்பான உறையின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. எடையில் 65 முதல் 80 விழுக்காடு தண்ணீர். மீதி பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன் நார்களும், அவற்றுக்கிடையே தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பெரும் புரதமும். உயிரணுக்கள் மொத்தக் கன அளவில் சுமார் இரண்டு விழுக்காடுதான். ஒவ்வொன்றும் தன் சிறு குழிக்குள் தனியே, குறைந்த ஆக்சிஜனில், அடுத்த உயிரணுவைத் தொடாமல் ஆயுள் முழுக்க இருக்கிறது. நடக்கும்போது மூட்டு அமுங்கி விரிவதில் ஊறிவரும் மூட்டுத் திரவமே அதற்கு உணவு.

நரம்பு இல்லாததால் குருத்தெலும்புக்கு வலிக்காது. முட்டி வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும் நேரத்தில் அடியிலுள்ள எலும்பும் மூட்டுச் சவ்வும் சுற்றுத் தசைநாண்களும் பாதிக்கப்பட்டிருக்கும். அதாவது நோய் எப்போதோ தொடங்கிவிட்டிருக்கும். ரத்தக்குழாய் இல்லாததால் காயம் ஆறுவதும் அரிது. கொலாஜனின் மறுசுழற்சி எவ்வளவு மெதுவானது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, மனிதக் குருத்தெலும்பில் அதன் அரையாயுள் நூறு ஆண்டுகளைத் தாண்டியது. இளமையில் நெய்யப்பட்ட அந்த வலையோடுதான் ஒருவர் கடைசிவரை நடக்க வேண்டியிருக்கிறது. அக்ரிகன் அப்படியல்ல, அது ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படுகிறது. நோயின் தொடக்கத்தில் முதலில் குறைவது அக்ரிகன். அதை வெட்டும் முதன்மை நொதி அடாம்ட்ஸ்-5. அதற்குப் பிறகு எம்எம்பி-13 என்ற நொதி கொலாஜனை வெட்டத் தொடங்குகிறது. அந்த வலை அறுந்துவிட்டால் திரும்பும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. ஆகவே அக்ரிகன் போய்க் கொலாஜன் இன்னும் மிஞ்சியிருக்கும் அந்த இடைக்காலமே மருத்துவத்துக்கு முக்கியம். எக்ஸ்ரே காட்டாத காலமும் அதுவே.

இந்த இடைக்காலம் யாருக்கு எப்போது வருகிறது என்பதில் உழைப்புக்கும் உடல் எடைக்கும் பெரும் பங்கு உண்டு. ஜெஞ்சாரோமைச் சுற்றிலும் கேரித் தீவிலும் பந்திங் பக்கத்திலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. செம்பனைக் குலை பழுத்தால் பழங்கள் தாமாக உதிரும். குலையை வெட்டிச் சாய்க்கும்போது மேலும் சிதறும். எண்ணெய் அதிகமுள்ளவை இந்த உதிர்பழங்கள்தான் என்பதால் ஒன்றைக்கூட விட மாட்டார்கள். மரத்தடி வட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பொறுக்கிச் சாக்கில் போட்டு, எழாமலேயே அரையடி நகர்ந்து, மறுபடி பொறுக்கி, வட்டம் முடிந்ததும் நிரம்பிய சாக்கை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவது பல ஆண்டுகளாகத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களின் வேலையாக இருந்தது. இன்று அந்த வேலையில் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளர்கள். முன்பு செய்தவர்கள் லயன் வீடுகளை விட்டு வெளியேறித் தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறுவதே இப்போது அவர்களுக்குப் பெரும்பாடு. சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை விழுகிறது. படியில் அது இன்னும் கூடும். நாளெல்லாம் குத்துக்காலிடுவதும் மண்டியிடுவதும் முழங்கால் மூட்டுநோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது தொழில்சார் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி.

மலேசியாவில் நடந்த ஒரு சமூகக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2007இல் வெளியாயின. பெரியவர்களில் 9.3 விழுக்காட்டினர் முட்டிவலி என்றார்கள். 55 வயதைத் தாண்டியவர்களில் அது 23 விழுக்காடு, 65ஐத் தாண்டியவர்களில் 39 விழுக்காடு. முட்டிவலி என்று சொல்லிப் பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூட்டுநோயின் அடையாளங்கள் இருந்தன. இந்தியாவின் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு முழங்கால் மூட்டுநோய் 28.7 விழுக்காட்டினரிடம் இருப்பதாகச் சொன்னது. உலகளவில் 2020ஆம் ஆண்டில் எல்லா மூட்டுகளையும் சேர்த்து 59 கோடியே 50 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களே எங்கும் அதிகம்.

இத்தனை பேருக்கும் நோயறிய இன்றும் கைகொடுப்பது 1957இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த எக்ஸ்ரே அளவுகோல்தான். 0 முதல் 4 வரை தரம்; எலும்பு முள் முளைத்திருக்கிறதா, எலும்புகளுக்கிடையே இடைவெளி குறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. தெரிவது அது இருந்த இடம். அந்த இடைவெளி குறுகியது கண்ணுக்குப் படும்போது கொலாஜன் வலை அறுந்து நெடுநாளாகியிருக்கும். எம்ஆர்ஐ முன்னதாகக் காட்டும். ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிச் சீட்டு வாங்கும் ஒருவருக்கு, முட்டிவலி என்ற காரணத்துக்காக மட்டும் எம்ஆர்ஐ எடுப்பது நடைமுறையில் இல்லை.

ரத்தத்திலும் சிறுநீரிலும் குருத்தெலும்பின் உடைசல்களைத் தேடும் முயற்சி மைக்ரோஆர்என்ஏவுக்கு முந்தியது. இரண்டாம் வகைக் கொலாஜன் அறுபட்டால் அதன் துண்டு ஒன்று சிறுநீரில் வரும். காம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குருத்தெலும்புப் புரதம் ரத்தத்தில் கூடும். இரண்டும் பெருங்குழுக்களில் நோயோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டின. ஒரு தனி நபரைப் பார்த்து, இவருக்கு நோய் வரும், அவருக்கு வராது என்று சொல்ல மட்டும் அவை போதவில்லை. அவை இடிந்த பிறகு விழும் செங்கற்கள். தேவைப்பட்டது உயிரணு மனம் மாறும் கட்டத்தின் சேதி.

மைக்ரோஆர்என்ஏ அறிவியலுக்குள் நுழைந்தது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் வழியாக. 1993இல் விக்டர் ஆம்புரோஸ் குழுவும் கேரி ருவ்கன் குழுவும், அந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் செய்யாமல், ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏவை மட்டும் செய்து, அதைக் கொண்டே வேறொரு மரபணுவை அடக்குவதைக் கண்டன. புழுவின் விநோதம் என்று ஏழாண்டுகள் அது ஓரமாகவே கிடந்தது. 2000இல் ருவ்கன் குழு கண்ட லெட்-7 மனிதன் வரை பல வகை விலங்குகளிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் துறையே திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மைக்ரோஆர்என்ஏக்கள் பட்டியலில் உள்ளன. அவற்றை ‘மிர்’ என்ற முன்னொட்டும் எண்ணும் சேர்த்து மிர்-140, மிர்-34 என்று அழைப்பது வழக்கம்.

வேலை செய்யும் முறை இது. மரபணுவிலிருந்து முதலில் நீண்ட ஆர்என்ஏ ஒன்று படியெடுக்கப்படுகிறது. உட்கருவுக்குள் டிரோஷா என்ற நொதியும், வெளியே வந்தபின் டைசர் என்ற நொதியும் அதை நறுக்கிச் சிறு துண்டாக்குகின்றன. அந்தத் துண்டு ஆர்கோநாட் என்ற புரதத்தின் மடியில் ஏறிக்கொண்டு, புரதம் செய்வதற்கான தூது ஆர்என்ஏக்களைத் தேடிப் போகிறது. தன் எழுத்துகளோடு பொருந்தும் இடம் ஒன்றின் வாலில் கிடைத்தால் அங்கே ஒட்டி அந்தப் புரதம் உருவாவதைக் குறைத்துவிடுகிறது. ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான தூதுகளை இப்படிச் சற்றுச் சற்று அழுத்தும். முழுதாக அணைத்துவிடாமல், வானொலியின் ஒலியைத் திருகிக் குறைப்பது போன்ற வேலை அது. குருத்தெலும்பு உயிரணுக்களில் மட்டும் டைசர் நொதியை நீக்கிய எலிகளுக்கு எலும்புக்கூடே குட்டையாக வளர்ந்ததை 2008இல் கண்டார்கள். மைக்ரோஆர்என்ஏ இல்லாமல் இந்த உயிரணுக்களால் ஒழுங்காகப் பெருகவும் முதிரவும் முடியாது என்பது அப்போது உறுதியானது.

குருத்தெலும்பின் கதையில் நடுநாயகம் மிர்-140. உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குருத்தெலும்பில்தான் அது மிகுதி. அந்த உயிரணுக்களின் அடையாளத்தையே காக்கும் சாக்ஸ்-9 என்ற புரதம் அதன் உற்பத்தியை இயக்குகிறது. ஹிரோஷி அசாஹாராவின் குழு 2009இல் மனிதக் குருத்தெலும்பைப் பார்த்தபோது, நோயுற்ற திசுவில் மிர்-140 குறைந்திருந்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தை உயிரணுக்கள் மேல் விட்டாலும் குறைந்தது. மறு ஆண்டே அதே குழு மிர்-140 இல்லாத எலிகளை வளர்த்தது. அவை பிறந்து வளர்ந்தன, கொஞ்சம் குட்டையாக. ஆனால் இளவயதிலேயே அவற்றின் மூட்டுகளில் அக்ரிகன் போய் மேற்பரப்பு வெடித்தது. மாறாக, குருத்தெலும்பில் மிர்-140 கூடுதலாகச் சுரக்கும்படி செய்த எலிகளுக்குச் செயற்கையாக மூட்டழற்சி உண்டாக்கியபோது குருத்தெலும்பு தப்பியது. அடாம்ட்ஸ்-5 நொதியின் தூது ஆர்என்ஏவை மிர்-140 நேரடியாக அழுத்துகிறது என்பதே விளக்கம். காவல்காரன் விலகினால் அரிக்கும் நொதிக்குக் கதவு திறந்துவிடுகிறது. மனிதரிலும் இந்த மூலக்கூறின் எடை என்ன என்று காட்டியது 2019இல் வந்த ஓர் ஆய்வு: மிர்-140 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதாலேயே பிறவி எலும்பு வளர்ச்சிக் கோளாறு வந்திருந்தது.

மிர்-146 இன்னொரு ரகம். அழற்சி தொடங்கும்போது அது ஏறுகிறது. ஏறி, அழற்சிச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளை அடக்கி, தீ பரவாமல் பார்க்கிறது. நோயின் தொடக்கத்தில் குருத்தெலும்பில் அது கூடுதலாகவும் முற்றிய நிலையில் குறைவாகவும் இருப்பதை ஜப்பானிய ஆய்வு காட்டியது. மிர்-27 எம்எம்பி-13 நொதியைக் கட்டுப்படுத்துகிறது. மிர்-34 எதிர்க்கட்சி: உயிரணு முதுமையடைவதையும் தற்கொலை செய்துகொள்வதையும் ஊக்குவிக்கும் அது, ஆயுள் காக்கும் சர்ட்-1 புரதத்தை அழுத்துகிறது. முதுமையடைந்த குருத்தெலும்பு உயிரணு சாகாது, பெருகவும் பெருகாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே அழற்சிப் பொருள்களைக் கசியவிடும். வயதுக்கும் மூட்டுநோய்க்கும் உள்ள உறவில் இந்தக் கசிவுக்குப் பெரிய பங்கு உண்டு. டொரான்டோவில் மொஹித் கபூரின் குழு மிர்-34ஐயும் மிர்-181ஐயும் தனித்தனியே தடுத்துப் பார்த்தபோது விலங்குகளின் மூட்டுச் சேதம் குறைந்தது.

ஆக, குருத்தெலும்பு உயிரணு நலமாக இருக்கும்போது ஒரு விதமாகவும் கெடும்போது வேறு விதமாகவும் மைக்ரோஆர்என்ஏக்களை வைத்திருக்கிறது. அது ரத்தத்தில் தெரியுமா? ரத்தத்தில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் நிறைய உண்டு. வெறும் ஆர்என்ஏ அங்கே நிமிடக்கணக்கில்கூடத் தாங்காது. ஆயினும் மைக்ரோஆர்என்ஏ தாங்குகிறது என்பதைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் காட்டினார்கள். உயிரணுக்கள் வெளியே தள்ளும் நுண்பைகளுக்குள் ஒளிந்தும், ஆர்கோநாட் புரதத்தைப் பற்றிக்கொண்டும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லில் ஏறியும் அது பயணம் செய்கிறது. அறை வெப்பத்தில் பல மணி நேரம் சிதையாத ஒரு சேதி ரத்தத்தில் மிதக்கிறது என்ற கண்டுபிடிப்புக்குப் பிறகு, ஏறக்குறைய எல்லா நோய்க்கும் மைக்ரோஆர்என்ஏ அடையாளம் தேடப்பட்டது. மூட்டுநோயும் அந்த வரிசையில் சேர்ந்தது.

முதல் எச்சரிக்கை 2010இலேயே கியோட்டோவிலிருந்து வந்தது. நோயாளிகளின் ரத்த நீரையும் மூட்டுத் திரவத்தையும் ஒருசேர அளந்த முராத்தா குழு, மூட்டுத் திரவத்தில் மைக்ரோஆர்என்ஏ அளவு ரத்தத்தைவிட மிகக் குறைவு என்றும், இரண்டுக்கும் ஒத்திசைவு இல்லை என்றும் கண்டது. முழங்காலில் இருக்கும் மூட்டுத் திரவம் சில மில்லிலிட்டர். உடலின் ரத்தமோ ஐந்து லிட்டர். குருத்தெலும்பிலிருந்து கசிவது முதலில் அந்தத் திரவத்தில் கலந்து, சவ்வைக் கடந்து, நிணநீர் வழியே சுற்றி, கடைசியில்தான் ரத்தத்தை அடைகிறது. அதே குழு, மிர்-132 ரத்த நீரில் நலமுள்ளவர்களைவிட நோயாளிகளிடம் குறைவாக இருப்பதையும் கண்டது. ஆகவே ரத்தத்தில் சேதி உண்டு. அது நேராக முழங்காலிலிருந்து வந்ததா என்பதே சந்தேகம்.

இத்துறையில் இதுவரை வந்தவற்றுள் அமைப்பால் மிக உறுதியானது புருனெக் ஆய்வு. இத்தாலியின் தென் டைரோல் மலைப்பகுதியில் உள்ள சிறு நகரம் புருனெக். இதயநோய்க்காகத் தொடங்கிய ஒரு மக்கள்தொகை ஆய்வில் 1995இல் சேமித்த ரத்தம் அங்கே உறைநிலையில் இருந்தது. 816 பேரை 2010 வரை தொடர்ந்து கவனித்ததில், 67 பேருக்கு முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. அவர்களின் பழைய ரத்தத்தை மற்றவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டபோது மூன்று மைக்ரோஆர்என்ஏக்கள் நின்றன: லெட்-7இ, மிர்-454, மிர்-885. லெட்-7இ எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அறுவை வாய்ப்பு கூடியது. நோய் வந்தவரையும் வராதவரையும் இன்று ஒரே நாளில் ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் மைக்ரோஆர்என்ஏ மாறியது நோய்க்கு முன்பா பின்பா என்று பிரிக்க முடியாது. புருனெக்கில் ரத்தம் முதலில், அறுவை பிறகு. 2015இல் வெளியான இந்த முடிவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அதன் குறையையும் சொல்ல வேண்டும்: அறுவைக்குப் போவது நோயின் கடுமையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. காசு, பயம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அதில் சேரும்.

கிரேக்க நாட்டுக் குழுவொன்று 2017இல் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மைக்ரோஆர்என்ஏக்களை ஒரே சில்லில் சலித்து, மிர்-140, மிர்-33பி, மிர்-671 மூன்றும் நோயாளிகளின் ரத்தத்தில் குறைந்திருப்பதாக அறிவித்தது. கபூரின் குழு 2020இல் வேறொரு வழியில் போனது. முன்கூட்டியே பட்டியல் போடாமல் ரத்த நீரிலுள்ள எல்லாச் சிறு ஆர்என்ஏக்களையும் வரிசைப்படுத்திப் படித்து, தொடக்க நிலையில் உள்ளவர்களையும் முற்றியவர்களையும் ஒப்பிட்டது. தொடக்க நிலையில் ஏழு மைக்ரோஆர்என்ஏக்கள் உயர்ந்திருந்தன. அதுவரை பட்டியலில் இல்லாத நான்கும் கிடைத்தன. அந்த ஏழில் மிர்-671ம் ஒன்று. ஒரு குழு குறைந்தது என்கிறது, இன்னொன்று உயர்ந்தது என்கிறதே என்று முதலில் தோன்றும். கூர்ந்து பார்த்தால் முரண்பாடு அவ்வளவு இல்லை: நோய் முற்ற முற்ற அது இறங்குகிறது என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். ஒப்பிட்ட ஆட்கள் வேறு, முறை வேறு என்பதால் இது ஊகமாகவே நிற்கிறது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் தலைகாட்டும் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் துறையின் இன்றைய நிலை. ஒவ்வொரு ஆய்வும் தன் பட்டியலை வைக்கிறது. பட்டியல்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை.

ஏன் பொருந்தவில்லை என்பதற்கு விடையின் பெரும்பகுதி ரத்தம் எடுக்கும் குழாயிலேயே கிடக்கிறது. ஜெஞ்சாரோமில் ஒரு காலைப்பொழுது எடுத்த ரத்தத்தைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். மெல்லிய ரத்தநாளம் கிடைக்காமல் ஊசி தடுமாறி ரத்தம் வேகமாக உறிஞ்சப்பட்டால் அங்கேயே சில சிவப்பணுக்கள் உடையும். குழாய் ஐஸ் பெட்டியில் ஏறி, கிள்ளான் சாலையின் லாரி நெரிசலில் குலுங்கி, கோலாலம்பூர் ஆய்வகத்தை அடைய மதியமாகலாம். சிவப்பணுக்களுக்குள் மிர்-451ம் மிர்-16ம் அடைந்து கிடக்கின்றன. ஒரு சிறு பங்கு அணுக்கள் உடைந்தாலே அவை ரத்த நீரில் பல மடங்கு ஏறிவிடும். தட்டணுக்கள் சும்மா இருந்தாலே மிர்-126, மிர்-223 போன்றவற்றைக் கசியவிடும். குழாயில் உறைதடுப்பானாக ஹெப்பரின் இருந்தால், மைக்ரோஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் வேதிவினையே தடைபடும். இவ்வளவுக்குப் பிறகு வரும் எண்ணில் முழங்காலின் பங்கு எது, ஊசியின் பங்கு எது? 2012இல் பிரிச்சர்டு குழு, புற்றுநோய்க்கு ரத்த அடையாளம் என்று அதுவரை அறிவிக்கப்பட்ட 79 மைக்ரோஆர்என்ஏக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 46 ரத்த அணுக்களிலேயே ஏராளமாக இருப்பவை. மூட்டுநோய்ப் பட்டியல்களையும் அதே சல்லடையில் போட வேண்டும்.

அளந்த எண்ணை எதோடு ஒப்பிட்டுச் சமன்செய்வது என்பது அடுத்த தலைவலி. பல ஆரம்ப ஆய்வுகள் மிர்-16ஐ மாறாத அளவுகோலாக எடுத்துக்கொண்டன. சிவப்பணு உடைந்தால் கூடும் ஒன்றை அளவுகோலாக்கினால், மற்ற எல்லாம் குறைந்தது போலத் தெரியும். புழுவுக்கே உரிய மைக்ரோஆர்என்ஏ ஒன்றைத் தெரிந்த அளவில் மாதிரியில் கலந்து ஒப்பிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது பிரித்தெடுக்கும் வேலையின் இழப்பைச் சரிசெய்யுமே தவிர, ரத்தம் எடுத்த விதத்தின் பிழையைச் சரிசெய்யாது.

மலேசியத் தமிழரிடம் இன்னொரு சிக்கல் கூடுதலாகக் காத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. முட்டிவலியோடு வரும் அறுபது வயதுப் பெண்களில் கணிசமானோர் இனிப்புநீர் மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடுபவர்கள். நீரிழிவு ரத்த மைக்ரோஆர்என்ஏக்களைத் தன் பங்குக்கு மாற்றுகிறது. அதை முதலில் பெரிய அளவில் காட்டியதும் அதே புருனெக் நகரத்து ரத்தம்தான்: இரண்டாம் வகை நீரிழிவில் மிர்-126 குறைவதை 2010இல் அங்கே கண்டார்கள். உடல் பருமனும் தன் பங்கைச் செலுத்துகிறது. கொழுப்புத் திசு எடையால் மூட்டை அழுத்துவதோடு, அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் விட்டுக் குருத்தெலும்பு உயிரணுவையும் சீண்டுகிறது. கைவிரல் மூட்டுகளும் பருமனோடு சேர்ந்து கெடுவது அதற்குச் சான்று. ஐரோப்பாவில் வகுத்த ஒரு மைக்ரோஆர்என்ஏ வரம்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால், முட்டியை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரையை அளந்துகொண்டிருக்க நேரலாம். இது அலட்சியம் செய்யத்தக்க ஐயம் இல்லை. மூட்டுநோயின் மரபியலைத் தேடிய 2021ஆம் ஆண்டின் உலக ஆய்வில் 8,26,690 பேர் சேர்ந்திருந்தும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ரத்த மைக்ரோஆர்என்ஏ ஆய்வுகளிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. உதிர்பழம் பொறுக்கிய முழங்கால்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்த வட்டாரத்தில் குருத்தெலும்பு ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் எலும்பு மூட்டியல் உயர் ஆய்வு மையம் குருத்துயிரணுக்களைக் (ஸ்டெம் செல்) கொண்டு குருத்தெலும்பைச் சீராக்குவதில் நெடுநாள் உழைத்து வருகிறது. செராஸில் மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் திசுப் பொறியியல் குழு, குருத்தெலும்பு உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துச் செம்மறி ஆடுகளில் சோதித்தது. அந்த வேலையில் எல்லாக் குழுக்களும் சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு: குழிக்குள் இருந்த உயிரணுவை எடுத்துத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் அது தன் தொழிலை மறந்து, இரண்டாம் வகைக் கொலாஜனுக்குப் பதில் தழும்பில் காணப்படும் முதலாம் வகையை நெய்யத் தொடங்கும். உயிரணுவின் நலம் அது இருக்கும் இடத்தோடு கட்டுண்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. கோலாலம்பூரில் சா காய் யோங் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், 50 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அவர்களின் ரத்தத்திலிருந்தே பிரித்த குருத்துயிரணுக்களை மூட்டில் செலுத்தினார்கள். பதினெட்டு மாதம் கழித்து எடுத்த திசுவின் தரம் மறுபாதியினரைவிட மேம்பட்டிருந்தது. அவர்கள் 18 முதல் 50 வயது வரையானவர்கள். தோட்டப்புறத்து மூதாட்டிகளின் நோயை அதிலிருந்து கணிக்க முடியாது. தமிழகத்தில், சென்னைக்குத் தெற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம் நிறுவனத்தின் செல்வமுருகன் குழு எலும்பு உயிரணுக்களில் மைக்ரோஆர்என்ஏவைப் படிக்கிறது. ரன்க்ஸ்-2 என்ற புரதம் அழியாமல் மிர்-15பி காப்பதை 2014இல் அவர்கள் காட்டினார்கள். எலும்புக்கு நண்பனான அதே ரன்க்ஸ்-2, குருத்தெலும்பில் தலைதூக்கினால் எம்எம்பி-13ஐக் கிளப்பிவிடும் பகைவன். ஒரு மைக்ரோஆர்என்ஏவை நல்லது, கெட்டது என்று பெயரிட முடியாததன் காரணம் இதில் தெரிகிறது.

மருந்தாக மைக்ரோஆர்என்ஏவைப் பயன்படுத்தும் எண்ணத்துக்கும் இதே முட்டுக்கட்டை உண்டு. மிர்-34 குருத்தெலும்பை முதுமையாக்குகிறது. அதே மிர்-34 உடலின் மற்றப் பகுதிகளில் புற்றுநோயைத் தடுக்கும் காவல். புற்றுநோயாளிகளுக்கு அதன் செயற்கை வடிவத்தை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்த முதல் மனித ஆய்வு, நோயெதிர்ப்பு அமைப்பு கட்டுமீறியதால் உயிரிழப்புகளோடு 2016இல் நிறுத்தப்பட்டது. மூட்டுக்குள்ளேயே ஊசி போட்டால் உடல் முழுக்கப் பரவுவது குறையும். ஆனால் மூட்டுத் திரவம் சில மணி நேரத்தில் மருந்தைக் கழுவிவிடும். குருத்தெலும்பின் நெருக்கமான வலையும் எதிர்மின்னூட்டமும் பெரிய துகள்களை உள்ளே விடாது. நேர்மின்னூட்டமுள்ள மிகச் சிறிய துகள்களில் மருந்தை ஏற்றி உள்ளே இழுக்க வைக்கும் உத்தி எலிகளில் பலன் தருகிறது. மனிதருக்கு மூட்டுநோய்க்காக அனுமதிக்கப்பட்ட மைக்ரோஆர்என்ஏ மருந்து இன்று ஒன்றுமில்லை. அனுமதிக்கப்பட்ட ரத்தச் சோதனையும் இல்லை. மைக்ரோஆர்என்ஏ பார்த்து முட்டியைக் கணிக்கிறோம் என்று யாரேனும் இப்போதே காசு வாங்கினால் அதை நம்பக் காரணம் எதுவும் கிடையாது.

உயிரணுவின் நலத்தை மாற்றுவதில் ஊசியைவிட உறுதியான சான்று அசைவுக்கும் எடைக்கும் இருக்கிறது. அளவான அமுக்கமும் விரிவும் குருத்தெலும்பு உயிரணுவுக்கு உணவு. அமுக்கமே இல்லாவிட்டாலும் அது மெலிகிறது, மிதமிஞ்சினாலும் கெடுகிறது. மிர்-365 போன்ற சில மைக்ரோஆர்என்ஏக்கள் இழுவிசைக்கு ஏற்ப ஏறி இறங்குவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நடையும் தொடைத்தசைப் பயிற்சியும் உயிரணுவின் உள்ளே வரை பேசுகின்றன என்று கொள்ள இடமுண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரப் பெண்களில், பத்தாண்டில் சுமார் ஐந்து கிலோ எடை குறைத்தவர்களுக்கு வலியுள்ள முழங்கால் மூட்டுநோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ அளவுக்குச் சுமை இறங்குகிறது என்பது 2005இல் அளந்து சொன்ன கணக்கு. மலேசிய சுகாதார அமைச்சின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியிலும் பயிற்சியும் எடைக் குறைப்பும் அடிப்படைச் சிகிச்சை.

கோல லங்காட் போன்ற ஒரு மாவட்டத்தில் ரத்த மைக்ரோஆர்என்ஏ ஆய்வு நடத்துவதென்றால் தேவைப்படுபவை இன்று தெளிவாகவே தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய, முட்டிவலி இன்னும் தொடங்காத ஆண்களும் பெண்களும் வேண்டும். எந்த வேலையை எத்தனை ஆண்டு செய்தார்கள் என்ற குறிப்பு வேண்டும். ஹெப்பரின் இல்லாத குழாயில் ரத்தம் எடுத்து, கோலாலம்பூருக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே ஓரிரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, தட்டணு நீங்க இரண்டாம் முறையும் சுழற்ற வேண்டும். 414 நானோமீட்டர் ஒளியில் சிவப்பணு உடைந்ததா என்று பார்த்துக் கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியை மைனஸ் 80 பாகையில் உறைய வைக்க வேண்டும். நீரிழிவு, எடை, மாத்திரைகள் எல்லாம் பதிவாக வேண்டும். அதன் பிறகு சில ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களின் முழங்காலைப் படமெடுத்து, அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படிப் படியேறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். புருனெக்கில் இந்தக் காத்திருப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.